சிவப்புக் கோப்பில் கறுப்பு ஓணான்

சாந்தனுக்கு வேண்டியிருந்தது ஒரு கையெழுத்து. பெரிய கையெழுத்தும் அல்ல. 'இவர் எங்களிடம் வேலை செய்கிறார், தொடர்ந்தும் செய்வார்' என்று தட்டச்சு செய்த ஒரு பக்கக் கடிதத்தின் கீழே பணிப்பாளர் பேனையை ஒருமுறை சுழற்றினால் போதும். அந்தச் சுழற்றலுக்காக அவன் ஒன்பது மாதமாகக் காத்திருந்தான்.

ஊரில், நெடுந்தீவில், அவனுடைய மனைவி துஷாந்தியும் காத்திருந்தாள். கலியாணம் முடிந்து நாலு வருடம். அதில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது நாற்பத்தொரு நாள். அவளைத் தான் வேலை செய்யும் பலெர்மோ நகரத்துக்குக் கூப்பிடத் தேவையான காகிதங்கள் எல்லாவற்றையும் சாந்தன் சேர்த்துவிட்டான். அங்கே சீசா என்ற பகுதியில் அவன் எடுத்திருந்த வீட்டை அளக்க வந்தவர், இரண்டு பேருக்கு இருபத்தெட்டுச் சதுர மீற்றர் வேண்டும், இங்கே ஒரு கையகலம் குறைகிறது என்று உதட்டைப் பிதுக்கினார். அலுமாரியை நகர்த்தி, அதன் பின்னால் ஒளிந்திருந்த மூலையையும் நாடாவுக்குக் காட்டிய பிறகுதான் சரி என்றார். அந்தச் சான்றிதழ் ஏப்ரல் கடைசியில் காலாவதியாகும். வீட்டுக்காரரோ இனி ஒருவனையும் நாடாவோடு வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏப்ரலைத் தவறவிட்டால் வீடு தேடுவதிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.

மிச்சம் இருந்தது அந்த வேலைக் கடிதம்தான். அதன் திகதி ஒரு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும் என்பது விதி.

சாந்தன் வேலை செய்த இடம் கால்சா என்ற பகுதியில், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பழைய மாளிகை. புதுச் சுண்ணாம்பு பூசி, வாசலில் பித்தளைப் பலகை அடித்திருந்தார்கள்: 'தீவு ஊர்வனவற்றுக்கான உயர் நிறுவனம்.' தீவுகளில் ஊர்கிற அனைத்தையும் ஆராய்வது அதன் நோக்கம். உள்ளே ஊர்கிற எதுவும் இல்லை. எல்லாம் போத்தல்களுக்குள் மதுசாரத்தில் ஊறிக்கொண்டிருந்தன. ஊழியர்களின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான் என்று சாந்தனின் மேல்வீட்டுக்காரர், மன்னார் அருளையா அண்ணை, சொல்லுவார்.

அந்த நிறுவனத்தில் ஒரு காகிதம் நடக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். முதலாம் மாடியில் செயலாளர் அம்மையார் சிஞ்ஞோரா குசிமானோ அதற்கு ஒரு இலக்கம் குத்துவார். இலக்க வரிசைப்படி அது இரண்டாம் மாடிக்குப் போகும். பணிப்பாளர் பேராசிரியர் மஞ்சராச்சினா நாளொன்றுக்கு நாலு காகிதம் பார்ப்பார். அவர் வராத நாளில் ஒன்றும் பார்க்கமாட்டார். சாந்தனின் கடிதம் மேசைக்குக் கிட்டப் போவதற்குள் முப்பது நாள் கடந்துவிடும். உடனே சிஞ்ஞோரா அதில் 'காலாவதி' என்று குத்தித் திருப்பித் தருவார். சாந்தன் திகதி மாற்றிப் புதுக் கடிதம் கொண்டுவருவான். புதுக் கடிதம் என்றால் புது இலக்கம். புது இலக்கம் என்றால் வரிசையின் வால். இப்படி எட்டுக் கடிதங்கள் செத்துப்போயின. ஒன்பதாவது வரிசையில் நின்றது.

"கையெழுத்து வைச்சிட்டினமோ?" என்று துஷாந்தி ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள்.

"இந்தக் கிழமை வைப்பினம்" என்பான் சாந்தன்.

"போன கிழமையும் உதைத்தானே சொன்னனீங்கள்."

அவன் கதையை மாற்றிவிடுவான். உண்மையைச் சொன்னால் அவள் நம்பமாட்டாள் என்று பயம். ஒரு படித்த மனிசனுக்குப் பேனை பிடிக்க ஒன்பது மாதம் எடுக்கும் என்று யார்தான் நம்புவார்கள்?

இந்த ஒன்பது மாதத்துக்கு நடுவில்தான், ஜனவரி மாதத்தில், அந்த ஓணான் வந்து சேர்ந்தது.

துறைமுகத்தில் ஒரு பணக்காரனின் பாய்மரப் படகைச் சோதித்தபோது, வைன் போத்தல் பெட்டிக்குள் ஒரு கறுப்பு நிலப்பல்லி கிடந்ததாம். கரிபியன் கடலில் றெடோண்டா என்று ஒரு குட்டித் தீவு. கடலுக்குள்ளிருந்து எழும்பிய ஒரு பாறை, அவ்வளவுதான். மனிதக் குடியிருப்பு இல்லை. உலகத்தில் அந்த ஒரு பாறையில் மட்டும்தான் இந்த இனம் உண்டு. நல்ல அட்டைக் கறுப்பு. தலையிலிருந்து வால் நுனி வரை சட்டி அடிபோல ஒரே நிறம். பிடித்த அதிகாரிகளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊரில் ஊர்வனவற்றுக்கென்று ஒரு உயர் நிறுவனம் இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்துவிட்டது.

நிறுவனம் ஆடிப்போய்விட்டது. நூறு வருடத்தில் முதல்தடவையாக ஒரு ஊர்வன அசைந்துகொண்டு வந்திருக்கிறது. பேராசிரியர் மஞ்சராச்சினா பெட்டியைத் திறந்து பார்த்து, அது கண் சிமிட்டியதும் இரண்டடி பின்வாங்கினார்.

"இது உயிரோடு இருக்கிறது" என்றார்.

"ஆம், புரொபெசோரே" என்றார் சிஞ்ஞோரா குசிமானோ. "எந்தப் பதிவேட்டில் போடுவது? நம்மிடம் இருப்பது போத்தல் பதிவேடு மட்டும்."

அன்றைக்கே அவசரக் கூட்டம் கூடியது. சாந்தன் கோப்பி கொண்டுபோனான். கூட்டத்தின் முதல் தீர்மானம், உயிருள்ள பொருளுக்கு உயிருள்ள கோப்பு வேண்டும் என்பது. சிவப்பு மட்டையில் ஒரு கோப்புத் திறந்தார்கள். சிவப்புக் கோப்புக்கு வரிசை கிடையாது. அதற்குள் இருக்கும் எந்தக் காகிதமும் அன்றைக்கே பணிப்பாளரின் கையெழுத்தோடு இறங்கிவிட வேண்டும். மற்றக் காகிதங்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குவது சாந்தனின் வேலை.

இரண்டாவது தீர்மானம் இருப்பிடம் பற்றியது. பேராசிரியர் எழுந்து நின்று பேசினார். "ஒரு உயிரை நெருக்கமான இடத்தில் அடைத்து வைப்பது நாகரிகமல்ல. அதற்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், அந்தரங்கம் வேண்டும். நாற்பது சதுர மீற்றருக்குக் குறைந்தால் நான் ஒப்பமாட்டேன்."

கீழ்மாடியில், கூரையில் தேவதைகள் வரைந்திருந்த வரவேற்பு மண்டபம் ஒதுக்கப்பட்டது. பாதியைக் கண்ணாடியால் மறித்து, பாறைகள் அடுக்கி, வெப்ப விளக்குகள் பூட்டினார்கள். அரை முழ நீள ஓணான் அதற்குள் போய், ஒரு கல்லின் கீழே புகுந்து, வெளியே வரவே இல்லை. சாந்தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் தன்னுடைய அலுமாரி மூலையை நினைத்தான்.

பிறகு சாப்பாட்டுப் பிரச்சினை வந்தது. ஓணானுக்கு வெட்டுக்கிளி வாங்குவதென்று முடிவு. வெட்டுக்கிளி விற்பவர்கள் மூன்று பேரிடம் விலை கேட்டு, ஒப்பிட்டு, தெரிவு செய்து முடிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. வந்த வெட்டுக்கிளிகள் நல்ல உற்சாகமானவை. மண்டபம் முழுக்கத் துள்ளின. ஓணான் திரும்பியும் பார்க்கவில்லை. அதன் விலா எலும்பு எண்ணக்கூடிய மாதிரி மெலிந்துபோனது. பேராசிரியர் ஒரு துணைக்குழு அமைத்தார்.

சாந்தன் மத்தியானச் சாப்பாட்டை அந்த மண்டபத்தில்தான் சாப்பிடுவான். குளிர் காலத்தில் மாளிகையில் வெக்கையான இடம் அது ஒன்றுதான். ஒருநாள் அருளையா அண்ணை நெத்தலிக் கருவாட்டைப் பொரித்து, வெங்காயம் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார். பெட்டியைத் திறந்ததும் மணம் கிளம்பியது. கல்லுக்குக் கீழே ஒரு அசைவு. கறுப்புத் தலை ஒன்று வெளியே வந்து நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைத் துழாவியது.

"உனக்கும் வேணுமோ?" என்று கேட்டு, உப்பையும் எண்ணெயையும் கழுவிவிட்டு ஒரு நெத்தலியைக் கண்ணாடிக்கு மேலால் போட்டான் சாந்தன். விழுந்த வேகத்தில் அதைக் காணவில்லை. இரண்டாவதைப் போட்டான். அதுவும் போனது.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தப் பாறையில் கடற்பறவைகள் குஞ்சுக்குக் கொண்டுவரும் மீனைத் தவறவிடும். கீழே நிற்கும் ஓணான் பொறுக்கித் தின்னும். வானத்திலிருந்து மீன் விழுவதுதான் அது கண்ட உலகம். இந்தத் தகவல் சிவப்புக் கோப்பின் முதலாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. நிறுவனத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பதவி ஆறு வருடமாக வெற்றிடம். ஆகவே முதலாம் பக்கத்தை எல்லோரும் மரியாதையோடு புரட்டிவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து தினமும் பத்து நெத்தலி. ஓணான் தேறி, கறுப்பு மினுங்கத் தொடங்கியது. துணைக்குழுவின் அறிக்கை இப்படி வந்தது: 'பணிப்பாளர் அவர்கள் தினமும் காலை பத்து நிமிடம் கண்ணாடியின் முன் நின்றதன் பயனாக உயிரி மன உறுதி பெற்றுத் தீனி எடுக்கத் தொடங்கியுள்ளது.'

சாந்தன் அதைச் சொல்லித் திருத்தப் போகவில்லை. ஓணான் சாப்பிட்டால் சரி. அதோடு அவனுக்கு அந்தப் பிராணியில் ஒரு பாசம் வந்துவிட்டது. சின்ன வயதில் ஓணானைக் கண்டால் கல்லெடுத்த கை அது. இப்போது அதே கையால் முள் எடுத்து ஊட்டினான்.

"நான் ஒரு ஓணானுக்குச் சாப்பாடு குடுக்கிறன்" என்று துஷாந்தியிடம் சொன்னான்.

"அதுக்குச் சம்பளமோ?"

"இல்லை. சும்மா. அதுவும் தனியத்தான் கிடக்கு."

அவள், "நீர் குடுக்கிற ஆள். நல்லாக் குடும்" என்றாள். கோபம் வந்தால் அவள் அவனை நீர் என்று சொல்லுவாள். அழுகை வந்தாலும் அப்படித்தான். இது எது என்று சாந்தனுக்குப் பிடிபடவில்லை.

மார்ச் கடைசியில் இன்னொரு கூட்டம். இந்தத் தடவை பொருள், உயிரியின் தனிமை. பேராசிரியர் மஞ்சராச்சினா எழுதிவைத்த தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு நெஞ்சிலிருந்து பேசினார். சாந்தன் தட்டோடு சுவரோரம் நின்றான்.

"நண்பர்களே, அது மூன்று மாதமாகத் தனியாக இருக்கிறது. மூன்று மாதம். துணையைப் பிரிந்த ஒரு உயிருக்கு மூன்று மாதம் என்பது என்ன என்று நம்மில் யாராவது யோசித்தோமா? சேர்ந்து வாழ்வது சலுகை அல்ல, இயற்கையின் உரிமை. அதற்குக் குறுக்கே ஒரு காகிதம் நிற்குமானால் அந்தக் காகிதத்துக்கு வெட்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் அதிகாரிக்கு இரட்டை வெட்கம். அந்தத் தீவிலிருந்து ஒரு பெண் துணையை உடனடியாக வரவழைக்க வேண்டும்."

கை தட்டினார்கள். சிஞ்ஞோரா குசிமானோ கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சாந்தனுக்கும் கண் கலங்கியது. இவ்வளவு நல்ல பேச்சை அவன் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்து, கோப்பிக் கோப்பையை வைக்கும்போது மெதுவாகச் சொன்னான்:

"புரொபெசோரே, என்னுடைய கடிதம். என் மனைவியைக் கூப்பிட. நாலு வருடமாகிறது."

பேராசிரியர் அவனை அன்போடு பார்த்தார். "எந்த இலக்கம்?"

"அறுநூற்று முப்பத்திரண்டு."

"நாங்கள் இப்போது அறுநூற்று ஒன்றில் நிற்கிறோம். வரிசை என்று ஒன்று இருக்கிறது சாந்தன். நாமெல்லாம் மிருகங்கள் இல்லையே."

அன்று மாளிகையின் படிகளைத் துடைக்கும்போது சாந்தன் ஒவ்வொரு படியையும் ஏதோ அதுதான் குற்றவாளி என்பதுபோலத் தேய்த்தான். கோபம், சும்மா கோபம். யாரோடு கோபிப்பதென்று தெரியாத கோபம்தான் ஆளைத் தின்னும்.

ஒன்பதாவது கடிதமும் செத்தது. பத்தாவதை எழுதினான். ஏப்ரல் பதினெட்டாம் திகதி சிவப்புக் கோப்பை மாடிக்குக் கொண்டுபோனபோது, வழமைபோல பேராசிரியர் போனில் யாருடனோ மீன் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். இடது கையால் தாளைப் புரட்டினார், வலது கையால் கையெழுத்து வைத்தார். கண் யன்னலுக்கு வெளியே இருந்தது. பதின்மூன்று இணைப்புகள். ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. மூன்று மாதமாக இதே காட்சியை நாளுக்கு ஒருதரம் பார்த்திருந்த சாந்தனுக்கு, அன்றுதான் அது கண்ணில் பட்டது.

மறுநாள் காலை படிக்கட்டின் நடுவில் நின்றான். கோப்பு ஒரு கையில், கடிதம் சட்டைப் பையில். களவெடுத்துப் பழக்கமில்லாத மனிசன். ஆனால் இது களவா? கடிதத்தில் ஒரு சொல் பொய் இல்லை. அவன் அங்கே வேலை செய்வது உண்மை, துஷாந்தி அவன் மனைவி என்பது உண்மை. பொய்யாக இருக்கப்போவது கடிதம் கிடக்கும் இடம் மட்டும்தான். பதின்மூன்றாம் இணைப்புக்குப் பின்னால் அதைச் செருகினான். மேல் மூலையில் பென்சிலால் '14' என்று எழுதினான்.

பத்து நிமிடத்தில் கையெழுத்தும் வட்ட முத்திரையும் விழுந்து அது கீழே வந்தது. மை காயக்கூட இல்லை. சிஞ்ஞோரா குசிமானோ எல்லா இணைப்புக்கும் பிரதி எடுத்துச் சுருக்கம் எழுதுவார். அவர் எந்தக் காகிதத்திலும் பால், பிறந்த இடம், வருகை என்ற மூன்று வரிக்கு மேல் வாசிப்பதில்லை. அதுதான் விதி. கடிதத்தின் தலையில், கூப்பிடப்படுபவரைப் பற்றி, அந்த மூன்று வரியும் இருந்தன. 'இணைப்பு 14: பெண். பிறப்பு, ஒரு சிறு தீவு. வருகைத் திகதி அறிவிக்கப்படும்.' இப்படி எழுதிவிட்டு மூலப் பிரதியைச் சாந்தனிடமே நீட்டினார், உரிய இடத்தில் சேர்க்கச் சொல்லி.

சாந்தன் அதை உரிய இடத்தில் சேர்த்தான். ஏப்ரல் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது.

ஜூலையில் துஷாந்திக்கு விசா வந்தது. அந்த வாரமே சிஞ்ஞோரா குசிமானோ நடைபாதையில் அவனை மறித்தார். "இணைப்பு பதினான்கு விடயத்தில் ஏதாவது தெரியுமா? எனக்குத் திகதி வேண்டும்."

சாந்தனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பன்னிரண்டாம் திகதி, சிஞ்ஞோரா. ரோமிலிருந்து வரும் மத்தியான விமானம்" என்றான். அவர் எழுதிக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் திகதி புந்தா ராய்சி விமான நிலையத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு நின்ற சாந்தன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே பேராசிரியர் மஞ்சராச்சினா நிற்கிறார். பக்கத்தில் சிஞ்ஞோரா குசிமானோ, பூங்கொத்தோடு. ஒரு படப்பிடிப்பாளர். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நிற்கும் கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெப்ப விளக்கு எரிகிறது.

துஷாந்தி வந்தாள். நீலச் சேலை, களைத்த முகம், கடற்கரை வெயிலில் வளர்ந்த கறுப்பு. சாந்தனைக் கண்டதும் அவளுடைய நடை வேகமானது. சாந்தனோ அசையாமல் நின்றான்.

பேராசிரியர் அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொதிகள் எங்கே இறங்கும்?" என்று கேட்டார். உயிர்ப்பொதி ஒன்றும் வரவில்லை என்றார் ஒரு ஊழியர். சிஞ்ஞோரா குசிமானோ கோப்பைத் திறந்து இணைப்பு பதினான்கை வாசித்தார். முதல்தடவையாக, 'சாந்தனின் மனைவி' என்றிருந்த நாலாவது வரிக்கும் போனார். பிறகு கோப்பைப் பேராசிரியரிடம் நீட்டி, விரலால் ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே இருந்தது பேராசிரியரின் கையெழுத்து.

பேராசிரியரின் முகம் சிவந்து, வெளிறி, மறுபடி சிவந்தது. படப்பிடிப்பாளர் கமெராவைத் தூக்கினார். வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன் என்று சொல்லலாம், அல்லது பூங்கொத்தைக் கொடுக்கலாம். பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"சிறு தீவிலிருந்து வந்த அன்னையே" என்று தொடங்கி, இயற்கையின் உரிமை, காகிதத்தின் வெட்கம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஆறு நிமிடம். பூங்கொத்துக் கை மாறியது. சாந்தன் வேர்த்துக் குளித்துவிட்டான்.

"இஞ்சேருங்கோ, ஆர் இவர்?" என்றாள் துஷாந்தி மெதுவாக.

"என்ர பணிப்பாளர்."

"ஒன்பது மாசம் கையெழுத்து வைக்காத மனிசனோ?"

"ஓம். இப்ப வைச்சிட்டார்."

"அந்தக் கண்ணாடிப் பெட்டி என்னத்துக்கு?"

"உமக்குத்தான்" என்றான் சாந்தன். "வாரும், பஸ்ஸைப் பிடிப்பம்."

அன்றைய கூட்டக் குறிப்பில் 'பெண் நல்ல உடல்நிலையில் வந்து சேர்ந்தது, வரவேற்கப்பட்டது' என்று பதிவானது. நிறுவனம் தவறு செய்வதில்லை. இனிமேல் திருத்தினால் தவறு நடந்ததென்று ஆகிவிடும் என்பதால் யாரும் திருத்தவும் இல்லை.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் பலெர்மோவில் இயங்குவது கடல் மட்டும்தான். நிறுவனம் மூன்று வாரம் பூட்டு. ஓணானுக்குத் தீனி வைக்கச் சாந்தனிடம் திறப்புக் கொத்து இருந்தது. துஷாந்தியும் கூட வந்தாள். நெடுந்தீவிலிருந்து அவள் கொண்டுவந்த கருவாட்டை ஓணான் ருசித்துத் தின்றது. அவள் அங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். கண்ணாடிக்கு வெளியே கிடந்த சிவப்புக் கோப்பைச் சும்மா புரட்டியவள், நிமிர்ந்தாள்.

"இதிலை அந்தப் பாறைக்குச் சொந்தக்கார அரசாங்கம் மூண்டு கடிதம் போட்டிருக்கு. தங்கடை பல்லியைத் திருப்பித் தரச் சொல்லி."

"மூண்டோ?"

"ஓம். தாங்களே ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போவினமாம். சம்மதமெண்டால் கீழை கையெழுத்து வைக்கட்டாம்." அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "வைச்சிருக்கு. மூண்டிலையும் வைச்சிருக்கு. முத்திரையும் குத்தி, ஆரோ தபாலிலையும் போட்டிருக்கு."

சிஞ்ஞோரா குசிமானோவின் ஒழுங்கு அப்படி. கையெழுத்தான காகிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகவேண்டும். எந்த மொழியில் என்றாலும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாளிகை வாசலில் மணி அடித்தது. தலைக்கு வண்ணத் துணி கட்டிய, சிரித்த முகமுள்ள ஒரு அம்மா காற்றோட்டமுள்ள பெட்டியோடு நின்றார். கடவுச்சீட்டைக் காட்டினார், அதிகாரக் கடிதத்தைக் காட்டினார், பணிப்பாளரின் மூன்று சம்மதங்களையும் காட்டினார். துஷாந்தி எல்லாவற்றையும் இரண்டுதரம் வாசித்தாள். பிறகு அவரோடு பத்து நிமிடம் ஆங்கிலத்தில் கதைத்தாள். அந்தப் பாறையில் முன்பு ஆடும் எலியும் பெருகிப் பச்சையையெல்லாம் தின்று முடித்தனவாம். அவற்றை அகற்றியதும் புல் முளைத்ததாம், ஓணான்களும் பெருகினவாம்.

சாந்தன் அவளைக் கதவோரம் இழுத்தான். "என்ர வேலை போகப்போகுது, துஷாந்தி."

"கையெழுத்து உங்கடையோ, அவரின்ரையோ?"

"அவரின்ரை."

"பிறகென்ன? நாலு வருசம் பிரிஞ்சு இருந்த எங்களுக்குத் தெரியாதோ அதின்ர பாடு? குடுத்து விடுங்கோ."

சாந்தன் கடைசி நெத்தலியை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். ஓணான் ஏறி வந்து தின்றது. நகம் கிச்சுக்கிச்சு மூட்டியது. பெட்டிக்குள் விட்டதும் அது திரும்பிப் பார்க்கவில்லை. சாந்தன் முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த அம்மா தந்த பற்றுச்சீட்டை இணைப்பு பதினைந்தாகச் செருகினான். செப்டெம்பரில் பேராசிரியர் போனில் கதைத்தபடி அதிலும் கையெழுத்து வைத்தார்.

ஓணான் போனதால் நிறுவனத்தில் எதுவும் நிற்கவில்லை. வேலை அட்டவணையில் இருந்தபடியால் சாந்தன் ஒன்பது மணிக்கு விளக்கைப் போட்டு ஐந்து மணிக்கு அணைத்தான். பேராசிரியர் தினமும் பத்து நிமிடம் கற்களின் முன் நின்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மேற்பார்வைக் குழுகூட வந்தது. நாற்பது சதுர மீற்றரையும் உற்றுப் பார்த்துவிட்டு, 'சோடி சேர்ந்தபின் அந்தரங்கத்தை விரும்புகிறது, பூரண ஆரோக்கியம்' என்று எழுதியது.

அதே வாரம் சீசாவில், துஷாந்தியின் வதிவிடத்தைச் சரிபார்க்க ஒருவர் மணி அடித்தார். அவள் கீழே கடைக்குத் தக்காளி வாங்கப் போயிருந்தாள். ஐந்து நிமிடம்தான். திரும்பி வந்தபோது கதவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: 'சொன்ன முகவரியில் காணப்படவில்லை.' அது சரியாகும்வரை அவளுடைய பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, நகராது.

துஷாந்தி கதிரையில் இருந்துவிட்டாள். "நான் இஞ்சை இருக்கிறன் எண்டு ஆர் சொல்லுறது?" என்றாள்.

சாந்தன் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். மறுநாள் நிறுவனத்தில், இந்தத் தடவை அவன் படிக்கட்டின் நடுவில் நிற்கவில்லை. நேரே சிவப்புக் கோப்பைத் திறந்து, துண்டை உள்ளே வைத்து, அதன் மூலையில் பென்சிலால் '16' என்று எழுதினான்.

அன்று பின்னேரமே சான்றிதழ் இறங்கியது. சிஞ்ஞோரா குசிமானோ தட்டச்சு செய்து, பேராசிரியர் மஞ்சராச்சினா ஒப்பமிட்டு, மூன்று வட்ட முத்திரை குத்தியிருந்தது. தட்டச்சு செய்யும்போது சிஞ்ஞோரா நாலாவது வரியையும் வாசித்திருப்பார் என்றுதான் சாந்தன் நினைக்கிறான். ஏனென்றால் அதை நீட்டும்போது அவர் ஒரு கணம் சிரித்தார். அந்தக் காகிதத்தைக் கொடுத்த இடத்தில், முத்திரைகளைக் கண்டு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

வீட்டில் துஷாந்தி அதன் பிரதியைச் சாந்தனைக் கொண்டு சொல்லுக்குச் சொல் வாசிப்பித்தாள். 'மேற்படி பெண் குறித்த இடத்திலேயே வசிக்கிறது. சுவாத்தியத்துக்குப் பழகிவிட்டது. நன்றாகத் தீனி எடுக்கிறது. ஆணுடன் ஒற்றுமையாக இருக்கிறது. இனி வேறொரு பெண் வரவழைக்கத் தேவையில்லை.'

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடைசி வரி நல்ல வரி" என்றாள். "உதைச் சட்டம் போட்டு அலுமாரிக்குப் பக்கத்திலை கொழுவுங்கோ."